ஈ காக்கை நுழையாத அறை

"மன்னிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்," என்றது கதவு.

சோமசேகரம் விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இது பன்னிரண்டாவது தடவை. கதவுக்கு அலுப்பே இல்லை. அதே பெண் குரலில், அதே மரியாதையோடு மன்னிப்புக் கேட்டு, அவரை வெளியிலேயே நிறுத்தியது.

"சேர், மற்றக் கை விரலை வைச்சுப் பாருங்கோவன்," என்றாள் பின்னால் நின்ற தயாளினி. கணினி வேலைக்குப் பொறுப்பானவள் அவள்தான். காலை எட்டரையிலிருந்து கணினி இல்லாமல் நிற்கிறாள்.

"மற்ற விரல் எப்பிடிப் பிள்ளை திறக்கும்? நேற்றுக் குடுத்தது இந்தச் சுட்டுவிரலைத்தானே."

"நேற்று அந்த விரலிலை சுண்ணாம்பு இருக்கேல்லை, சேர்."

சோமசேகரம் விரலைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல். நேற்றுத் திங்கட்கிழமை, புதுப் பூட்டுக்கு விரல் கொடுக்கிறோம் என்று சவர்க்காரம் போட்டுக் கழுவி, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து வைத்தார். பூட்டும் அதை நல்லபடி ஏற்றுக்கொண்டது. இன்று காலை வெற்றிலை போட்ட கையோடு வந்ததும் ஆளைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

அச்சுவேலிச் சந்தையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிறது, வலிகாமம் விதை வெங்காயச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம். நாலாயிரம் கமக்காரரின் காணி விபரம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரு கணினிக்குள் இருந்தன. அந்தக் கணினி முன்னொரு காலத்தில் விதை வெங்காயம் போட்டு வைத்த அறைக்குள் இருந்தது. இத்தனை வருடமாக அந்த அறைக்குப் பூட்டு என்று ஒன்றும் இருக்கவில்லை. கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அரைக்கல் ஒன்று மட்டும் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் கொழும்புக் கூட்டுறவு ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கள் தொடக்கம் வெள்ளி மாலை நான்கு மணிவரை, ஏதாவது ஒரு நாளில், ஏதாவது ஒரு வேடத்தில், எமது பரிசோதகர் வருவார். கணினியைத் தொட்டு, அதில் தன் அடையாளம் ஒன்றை விட்டுவர அவரால் முடிந்தால் சங்கம் தோல்வி. முடியாவிட்டால் வடக்கு முழுவதற்குமான விபரங்கள் இனி இந்தச் சங்கத்திலேயே வைக்கப்படும்; அதைப் பார்த்துக்கொள்ள முகாமையாளருக்கு இரண்டு வருடப் பதவி நீடிப்பும் சிபாரிசு செய்யப்படும்.

கடைசி வரியை முகாமையாளர் சோமசேகரம் நாலு தரம் வாசித்தார். ஆவணி மாதத்தோடு அவருக்கு ஓய்வு. ஓய்வு என்றால் என்ன என்று அவர் கண்ணால் கண்டிருந்தார். முன்வீட்டுத் தபாலதிபர் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். இன்றைக்கு அயலட்டையின் மின்சாரக் கட்டணம் கட்டுவதும், யாருடையவோ பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதும் அந்த மனிதர்தான். வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு முதலாளி. ஓய்வு பெற்றவனுக்கு ஊர் முழுக்க முதலாளி. சோமசேகரத்தின் மனைவி மீனாம்பிகையோ இப்போதே ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். முதலாவது: கோழிக்கூடு திருத்துதல்.

ஆகவே பூட்டு வாங்கப்பட்டது. யாழ்ப்பாண நகரத்துக் கம்பனி ஒன்று பூட்டைப் பெட்டியோடு சனிக்கிழமையே அனுப்பிவிட்டது. பூட்டுகிற ஆள் திங்கட்கிழமை வருவான் என்றார்கள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோளில் பையோடு நெடுவலான ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும்.

"பூட்டுப் பூட்ட வந்தனீரோ?" என்று கேட்டார் சோமசேகரம்.

"ஓம் ஐயா."

வேறு ஆளாக இருந்தால் உடனே உள்ளே விட்டிருப்பான். சோமசேகரம் அப்படி ஏமாறுகிறவரல்ல. பரிசோதகர் எந்த வேடத்திலும் வரலாம். அவர் விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் ஒருவனை யாரென்று அறிய அடையாள அட்டை எதற்கு?

"எவடம் தம்பி?"

"பண்டத்தரிப்பு ஐயா."

"பண்டத்தரிப்போ! என்ரை மனுசியின்ரை ஊரெல்லோ! அதிலை எவடம்? பள்ளிக்கூடத்தடியோ?"

"பள்ளிக்கூடத்தடிதான்."

"அப்ப சீவரத்தினம் மாஸ்டரைத் தெரிஞ்சிருக்குமே?"

"மாஸ்டரைத் தெரியாத ஆக்களும் இருக்கினமே ஐயா?"

"நில்லும் நில்லும். முகவெட்டைப் பாத்தா... நீர் மாஸ்டற்றை தங்கச்சியின்ரை மகனோ?"

"ஓம் ஐயா, அதேதான்," என்று சிரித்தான் அவன்.

"நான் நினைச்சனான்! உந்த மூக்கு வேறை எங்கையிருந்து வரும்?"

அத்தோடு விசாரணை முடிந்தது. பார்த்தீபன் என்ற பெயரைக்கூடப் பிறகு தேநீர் குடிக்கும்போதுதான் கேட்டார்.

சாமான்கள் எல்லாம் பின்னால் வானில் வருகிறது என்றான் பார்த்தீபன். வான் வரக் காணோம். காவலாளி சிமியோனிடம் ஸ்குறூட்றைவரை இரவல் வாங்கி, பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிட்டான்.

"சேர், அவர் புத்தகத்தைப் பாத்துப் பாத்தெல்லோ பூட்டுறார்," என்று மெல்லச் சொன்னாள் தயாளினி.

"மாஸ்டற்றை மருமகன் பிள்ளை. வாசிக்கிற குடும்பம்."

பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் விரலாகத் தன்னுடையதை வைத்தான் பார்த்தீபன். இரண்டாவது விரல் சோமசேகரத்தினுடையது. தயாளினியின் விரலை அவர் சேர்க்க விடவில்லை. பொறுப்பான ஆள் ஒருவர் போதும் என்றார். கடைசியில் பார்த்தீபன் அறைக்குள் போய்க் கணினிக்குப் பின்னால் உத்தரவாதத்துக்கென்று சின்ன ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டினான். எல்லாம் திருப்தி என்று சோமசேகரம் கையொப்பம் வைத்துக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. தயாளினி எடுத்தாள். ஒரு நிமிடத்தில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"சேர், ஆரோ ஒருத்தர். எங்கடை கொம்பியூட்டர் அறைக் கதவு உள்ளுக்குத் திறக்கிறதோ, வெளியாலை திறக்கிறதோ எண்டு கேக்கிறார்."

சோமசேகரம் பாய்ந்து வந்து தொலைபேசியைப் பறித்து, டக்கென்று வைத்தார்.

"பாத்தீரே! உவன்தான்! பரிசோதகர்! ஆனை வரமுன்னம் மணிச்சத்தம் கேக்குது. இனி உந்த நம்பரிலையிருந்து எடுத்தா ஒரு வசனம் கதைக்கப்படாது. விளங்குதோ?"

அப்போதும் வானுக்காகக் காத்திருந்த பார்த்தீபனுக்கும் இதைச் சொன்னார். அவன் மிகுந்த கவலையோடு தலையாட்டினான். "சரியாச் செய்தியள் ஐயா. காலம் கெட்டுக் கிடக்குது."

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். சுண்ணாம்பு விரலைக் கதவு ஏற்கவில்லை அல்லவா? சோமசேகரம் பார்த்தீபனைக் கைபேசியில் கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் வந்து நின்றான். கூப்பிட்ட அன்றைக்கே வருகிற வேலையாளை இந்தக் குடாநாட்டில் யார் கண்டது? அந்த இடத்திலாவது சோமசேகரத்துக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். அவரோ பழைய குடும்பத்துப் பழக்கவழக்கம் என்று மெச்சிக்கொண்டார்.

பார்த்தீபன் விரலை வைத்தான். கதவு "வணக்கம்" என்று திறந்தது.

"விரலோடை ஒரு இலக்கத்தையும் போட்டு வைப்பம் ஐயா. விரல் வேலை செய்யாட்டி இலக்கத்தை அமத்தலாம். ஆறு இலக்கம். மறக்காததாச் சொல்லுங்கோ."

சோமசேகரம் யோசித்தார். "கலியாண நாள்!" என்று தன் சாமர்த்தியத்தில் தானே மகிழ்ந்து, பார்த்தீபனின் காதுக்குள் சொன்னார். வேறு எவருக்கும் கேட்கக்கூடாது என்பதில் அவர் மிகக் கவனமாக இருந்தார்.

புதன்கிழமை காலை விரல் வேலை செய்யவில்லை. கலியாண நாள் என்று இன்று நினைவில் வந்த இலக்கத்தை அமத்தினார். பிழை என்றது கதவு. நாளும் மாதமும் மாறிவிட்டதாக்கும் என்று மாற்றி அமத்தினார். அதுவும் பிழை.

"இன்னும் ஒரு தரம்தான் சேர் இருக்கு," என்றாள் தயாளினி. "இலக்கம் மூண்டாந்தரமும் பிழைச்சா சைரன் அடிக்குமெண்டு புத்தகத்திலை கிடக்கு."

வேறு வழியில்லை. சோமசேகரம் மூலைக்குப் போய் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மீனாம்பிகை, எங்கடை கலியாணம் என்ன திகதியப்பா?"

அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு இப்பதான் கேக்கத் தோன்றினதோ?" என்றாள் மீனாம்பிகை. பிறகு திகதியைச் சொல்லி, நறுக்கென்று வைத்துவிட்டாள்.

சோமசேகரம் அந்தத் திகதியை ஒவ்வொரு இலக்கமாக, பக்தியோடு அமத்தினார். அது சரியான திகதிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அவர் பார்த்தீபனுக்குச் சொன்ன திகதியே பிழை.

சைரன் அச்சுவேலிச் சந்தை வரைக்கும் கேட்டது. வாழைக்குலைக்காரர், மீன் வாங்க வந்தவர்கள், வெங்காய மூட்டைக்காரர் என்று ஐம்பது அறுபது பேர் திறந்த படலையால் ஓடிவந்து நேரே அந்தக் கதவடியில்தான் நின்றார்கள். நாய்கள் வேறு. சைரனை நிறுத்துகிற சுவிட்ச் அறைக்கு உள்ளே இருந்தது. பார்த்தீபன் வந்து, கூட்டத்தை விலக்கி, விரலை வைத்து, உள்ளே போய் நிறுத்தினான். சனம் கைதட்டியது.

"ஐயா சொன்ன இலக்கம் எனக்கு ஞாபகமிருக்கு," என்றான் அவன். "நீங்கள் மண்டையைப் போட்டுக் குழப்பாதேங்கோ. தேவைப்பட்டா எனக்கு ஒரு போன் எடுங்கோ. நான் சொல்லுவன்."

சோமசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத் தம்பி இப்படிச் செய்வானா?

ஆனாலும் ஒன்று அவரை உறுத்தியது. அறுபது பேர் படலையால் உள்ளே வந்துவிட்டார்களே! அன்றே சிமியோனைக் கூப்பிட்டுப் புதுச் சட்டம் போட்டார். அடையாள அட்டை இல்லாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. வருகிறவர் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். முகம் பார்க்கக்கூடாது.

"தெரிஞ்ச ஆக்கள் வந்தா ஐயா?"

"தெரிஞ்ச ஆக்களெண்டு ஒருத்தரும் இல்லை, சிமியோன். கடவுள் வந்தாலும் அட்டையைக் கேளும்."

"பூட்டுக்காரத் தம்பி?"

"அவன் எங்கடை ஆளெல்லே!"

சிமியோன் சொன்னதைச் செய்கிற மனிதர். அதுதான் வினை. வியாழக்கிழமை சங்கத் தலைவர் கனகலிங்கம் தோட்டத்திலிருந்து நேரே வந்தார். இடுப்பில் சாரம், தோளில் துவாய், கையெல்லாம் வெங்காயத் தோட்டத்து மண். அடையாள அட்டை வீட்டில்.

"உள்ளுக்கை விடேலாது ஐயா," என்றார் சிமியோன்.

"என்ன? என்னை ஆரெண்டு தெரியேல்லையோ உமக்கு?"

"தெரியும் ஐயா. ஆனா முகம் பாக்கக் கூடாதாம்."

"இந்தக் கட்டடத்துக்கு அத்திவாரக் கல்லு வைச்சது நானடாப்பா!"

"கல்லு வைச்ச ஆளெண்டு சொல்லிக்கொண்டும் வருவினமாம்."

முக்கால் மணித்தியாலம் கனகலிங்கம் வெயிலில் நின்றார். அவருக்குப் பக்கத்தால் பார்த்தீபன் மோட்டார் சைக்கிளில் உள்ளே போனான். சிமியோன் அவனுக்கு ஒரு சலூட்டும் அடித்தார். சோமசேகரத்துக்குச் சங்கதி தெரிந்து படலைக்கு ஓடிவருவதற்குள் கனகலிங்கம் சைக்கிளில் ஏறிவிட்டார்.

"சோமசேகரம், வடிவாப் பூட்டி வைச்சிரும். ஆவணிக்குப் பிறகு கோழிக்கூட்டைப் பூட்டிப் பழக உதவும்."

கோழிக்கூட்டைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று சோமசேகரம் திகைத்தார். ஊருக்கே தெரிந்திருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் நீடிப்புக்குக் கை தூக்க வேண்டிய முதல் ஆளே கனகலிங்கம்தான். இனிப் பரிசோதனையில் வென்றாலொழிய விமோசனமில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது. கலியாண நாளை மறந்த கோபம் மீனாம்பிகைக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் வீட்டிலிருந்த உடுப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கிணற்றடியில் போட்டுத் துவைத்தாள். சேட்டுப் பையிலிருந்த அடையாள அட்டையும் அதோடு தோய்ந்து போயிற்று. சோமசேகரம் வெறுங்கையோடு படலையில் வந்து நின்றார்.

"அட்டை, ஐயா," என்றார் சிமியோன்.

"நான் முகாமையாளர், சிமியோன்!"

"தலைவரும் இப்பிடித்தான் சொன்னவர்."

"உமக்குச் சட்டம் போட்டதே நானெல்லோ!"

"ஓம் ஐயா. கடவுளுக்கும் பொருந்துமெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

பத்து நிமிடம் கெஞ்சினார். பிறகு மிரட்டினார். பரிசோதகர் வரக்கூடிய கடைசி நாளில் முகாமையாளர் வேலிக்கு வெளியே நிற்கிறார்! அந்த நேரம் பார்த்தீபன் வந்தான். கையில் ஒரு பார்சலில் சூடான வடை.

"அண்ணை, ஐயாவை எனக்குத் தெரியும். என்னோடை வந்தவர் எண்டு எழுதுங்கோ," என்றான்.

சிமியோன் கொப்பியில் எழுதினார். 'சோமசேகரம். பூட்டுக்காரத் தம்பியோடு வந்தவர்.' சோமசேகரம் கையொப்பமிட்டு, தன்னுடைய அலுவலகத்துக்குள் விருந்தாளியாக நுழைந்தார்.

அன்று முழுவதும் அவர் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நுளம்புவலை விற்கிறவன் வந்தான், துரத்தப்பட்டான். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் கொண்டுவந்த ஐயர் துரத்தப்பட்டார். பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அதே நம்பர் சேர்!" என்றாள் தயாளினி.

"இஞ்சை தாரும்." சோமசேகரம் ரிசீவரை எடுத்து, அந்தப் பக்கம் வாய் திறக்கமுன்னமே கத்தினார். "தம்பி, கதவு உள்ளுக்கும் திறக்காது, வெளியாலையும் திறக்காது! உம்மடை விளையாட்டு எங்களிட்டைச் சரிவராது!"

டக்கென்று வைத்தார். தயாளினி முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தாள்.

மூன்றரைக்குப் பார்த்தீபன் விடைபெற்றான். கடைசியாக ஒருதரம் உள்ளே போய், கணினியைச் சரிபார்த்துவிட்டு வந்தான்.

"இனி நான் வரத் தேவையில்லை ஐயா."

"உப்பிடிச் சொல்லாதையும். நீர் இல்லாட்டி இந்த அஞ்சு நாளும் நாங்கள் என்ன பாடு பட்டிருப்பம்? மாமாவைக் கேட்டதாச் சொல்லும்." சோமசேகரம் ஒரு பிடி நல்ல விதை வெங்காயத்தை அவன் கையில் திணித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தயாளினிக்கும் இடம் பாக்கினம். உம்மடை சாதகத்தை ஒருக்கா அனுப்பிவிடும்."

பார்த்தீபன் வெங்காயத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பாவம் பார்ப்பது போன்ற ஒரு சாயல் இருந்தது. கூச்சமாக்கும் என்று சோமசேகரம் நினைத்தார்.

நான்கு மணி. சுவர்க்கடிகாரம் அடித்து ஓய்ந்தது. பிறகு தயாளினி பார்த்தீபனிடம் கைபேசியில் இலக்கத்தைக் கேட்டு, கதவைத் திறந்தாள். இருவரும் கணினியை முன்னும் பின்னும், மேலும் கீழும் தடவிப் பார்த்தார்கள்.

"அந்த உத்தரவாத ஸ்ரிக்கரைத் தவிர ஒண்டுமில்லை, சேர்!"

சோமசேகரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே கனகலிங்கத்தைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தலைவர், வெண்டிட்டம்! அஞ்சு நாளும் ஒரு ஈ காக்கை உள்ளுக்கை வரேல்லை! அண்டைக்கு உங்களை மறிச்சதும் இதுக்காகத்தான்."

கனகலிங்கம் கொஞ்ச நேரம் உறுமினார். பிறகு அவர் குரல் இளகிற்று. "என்னையே மறிச்சவனெண்டா, வேறை ஆரை விட்டிருக்கப்போறீர்? சரி, சரி. கூட்டத்திலை நீடிப்பை நானே முன்மொழியிறன்."

சோமசேகரம் ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். தபாலதிபரின் நிலைமை இனி அவருக்கு இல்லை. கோழிக்கூடு இன்னும் இரண்டு வருடம் ஒழுகட்டும்.

படலையில் வான் ஒன்று ஹோர்ன் அடித்தது.

"ஐயா, நாலு மணி கழிஞ்சுது. இனித் திறக்கலாமோ?" என்று கத்தினார் சிமியோன்.

"திறவும்! எல்லாத்தையும் திறவும்!"

வான் உள்ளே வந்தது. கம்பனிப் பெயர் போட்ட சேட்டும், கையில் துளைபோடும் இயந்திரமும், முகமெல்லாம் வியர்வையுமாக ஒருவர் இறங்கி, சோமசேகரத்தைக் கண்டதும் கும்பிட்டார்.

"ஐயா, நான் ஜெயரூபன், பூட்டுப் பூட்ட வந்தனான். வான் பழுதாப்போய்த் திங்கக்கிழமை வரேலாமல் போச்சு, சொல்லுவமெண்டு எடுத்தாலும் வைச்சுப்போடுறியள், குறை நினையாதேங்கோ. அதுசரி ஐயா, உங்கடை கதவு உள்ளுக்குத் திறக்கிறதோ, வெளியாலை திறக்கிறதோ?"